சார் நல்லா இருக்கும்போது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் குணா வேலை செய்த கம்பி ஆலையில் வாய் இருந்தும் யாரும் பேசமாட்டார்கள். பேசினால் கேட்காது. பழுக்கக் காய்ந்த இரும்பு, உருளைகளுக்குள் புகுந்து வெளியே வருகிற சத்தத்தில் இடி விழுந்தால்கூடத் தெரியாது. அதனால் எல்லாமே கைஜாடைதான். தண்ணீருக்கு ஒன்று, டீக்கு ஒன்று, மெஷினை நிறுத்தச் சொல்ல ஒன்று. ஐந்து விரலையும் விரித்து உதறினால், சூடு, கிட்டே போகாதே என்று பொருள். இந்தக் கடைசி ஜாடையை இரும்புக்கு மட்டுமல்ல, சூப்பர்வைசர் பாக்கியநாதனுக்கும் சேர்த்தே வைத்திருந்தார்கள்.

பாக்கியநாதன் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் படிப்பவர்கள் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருகிற மனுஷன். ஜன்னலோரம் இடம் கிடைத்துக் காற்று வாங்கிக்கொண்டே வந்தால், அன்றைக்கு ஆலையில் அத்தனை பேரும் அவர் பெற்ற பிள்ளைகள். கேட்டவனுக்கு லீவு, கேட்காதவனுக்கு டீ. நின்றுகொண்டு வந்தாலோ, தும்மினால்கூடக் குற்றம். அப்படி ஒரு நாளில்தான், தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்ட ஒருவனை, “அப்படியே போய்டு, திரும்பி வராதே” என்று கேட்டுக்கு வெளியே அனுப்பினார். அடுத்த வாரம் அவரே, “அவன் எங்கப்பா, ஆளையே காணோம்?” என்று விசாரித்தார். அவன் அதற்குள் ஸ்ரீபெரும்புதூரில் வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தான்.

அதிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளிகள் உஷாராகிவிட்டார்கள். காலையில் வாட்ச்மேன் மணவாளன் கேட்டில் நின்று அவர் முகத்தைப் படித்து, உள்ளே இருப்பவர்களுக்கு ஜாடை காட்டுவார். அதைப் பார்த்துத்தான் லீவு, அட்வான்ஸ், பர்மிஷன் எல்லாம். ராகுகாலம் பார்க்காதவன்கூட மணவாளன் கையைப் பார்க்காமல் இருக்கமாட்டான்.

அன்றைக்கு மணவாளன் இரண்டு கையாலும் உதறினார்.

“மீஞ்சூர்ல ராத்திரி பூரா கரண்ட் இல்லியாம். மோட்டாரு ஓடலியாம், குளிக்காம வந்துகீறாரு. ரயில்ல வேற நின்னுகினே வந்தாராம், எவனோ கால மிதிச்சிட்டானாம். யாரும் கிட்ட போவாதீங்க” என்று உள்ளே வந்து குணாவிடம் சொன்னவர், அதோடு இன்னொன்றும் சொன்னார். “உன் தங்கச்சி போன் பண்ணிச்சுப்பா. உங்க அம்மா உன்னப் பாக்கணும்னு சொல்லுதாம்.”

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வீட்டு அவசரம் எதுவானாலும் மணவாளன் போனுக்குத்தான் வரும். குணா கேட்டுக்கு ஓடிப்போய்த் தங்கை சுமலதாவைக் கூப்பிட்டான்.

“இன்னா சுமா, அம்மாவுக்கு எப்பிடி கீது?”

“அப்பிடியேதான் கீது. மூச்சு வாங்குது. உன்னக் கேட்டுகினே கீது. வந்துட்டுப் போயேண்ணா.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னவோ. அம்மா அஞ்சம்மாள் பொன்னேரி ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு இரண்டு தடவை இப்படிப் போன் வந்தது. இரண்டு தடவையும் பர்மிஷன் வாங்கிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். முதல் தடவை அம்மா உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். அடுத்த தடவை, “வேலைய உட்டுட்டு ஏன்டா நைனா ஓடியாந்த?” என்று அவனையே திட்டினாள். எல்லாம் புலி வருது கதையாகப் போயிற்று. இப்போது மூன்றாவது தடவையாக, குளிக்காமல் வந்த பாக்கியநாதன் முன்னால் போய் நிற்க வேண்டும்.

கூட வேலை செய்யும் மோகன்ராஜ் அவன் தோளைப் பிடித்து இழுத்தான். “இன்னிக்குப் போய்க் கேட்ட, சீட்டு கிழிஞ்சிடும். ஆடிக் கறக்குற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்ட பாடிக் கறக்கணும். டீ குடிச்சா ஆறிடுவாரு, அப்ப கேளு.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். குணாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. சொந்த ஊர் எளாவூரில் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. மாதச் சம்பளம் என்று ஒன்றைக் கண்ட முதல் ஆள் குணா. இந்த வேலையும் போனால் அம்மாவுக்கு மருந்து மாத்திரைகூட வாங்க முடியாது.

டீ வந்தது. ஆறிப்போய் வந்தது. பாக்கியநாதன் ஒரு வாய் குடித்துவிட்டு, கப்பைக் கசக்கி எறிந்தார். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த குணா கிட்டே போகவில்லை. அந்தக் காலைப்பொழுது முழுக்க அவன் கண் இரும்பில் இல்லை, அந்த மனிதர் முகத்தில்தான் இருந்தது. ஒரு தடவை துணிந்து அறை வாசல்வரைக்கும் போனான். உள்ளே அவர் போனில் யாரையோ, “சோறுதானே துன்ற?” என்று காய்ச்சிக்கொண்டிருந்தார். பூனை மாதிரித் திரும்பி வந்துவிட்டான். வெட்கமாக இருந்தது. பெற்ற தாயைப் பார்க்க இன்னொருத்தன் முகம் தெளிய வேண்டுமா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததே தவிரக் கால் நகரவில்லை.

மதியம் லேசாகத் தூறல் விழுந்தது. கடல் பக்கமிருந்து குளுகுளுவென்று காற்று வந்தது. பாக்கியநாதன் வயிறாரச் சாப்பிட்டு, சட்டையில் இரண்டு பொத்தானைக் கழற்றிவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார். கேட்டிலிருந்து மணவாளன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். குணா ஓடிப்போய்ச் சொன்னான்.

“என்னப்பா நீ!” பாக்கியநாதன் பதறிவிட்டார். “காலைலயே சொல்லக் கூடாதா? பெத்த அம்மாடா! இதுக்கெல்லாமா நேரம் பாத்துகினு நிப்பாங்க? மோகன்ராஜ், உன் வண்டி சாவிய இவன்கிட்ட குடு. போப்பா, நாளைக்கும் வர வேணாம், இருந்து பாத்துக்க.”

நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வண்டியை விரட்டும்போது குணாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சரியான நேரம் பார்த்துக் கேட்டோம், காரியமும் ஆயிற்று, வேலையும் தப்பியது. பாவி, அந்தப் பெருமையை நினைத்து நினைத்துப் பிற்பாடு எத்தனை நாள் குமைந்தான்!

ஆஸ்பத்திரிப் படியில் சுமலதா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்திருக்க முடியாமல் கையை மட்டும் நீட்டினாள்.

“இப்பத்தாண்ணா... கொஞ்சம் முன்னாடி வந்திருந்தியானா பாத்திருக்கலாம். நைனா வந்துட்டானா, நைனா வந்துட்டானான்னு வாசலையே பாத்துகினு இருந்திச்சு. அண்ணன் ட்யூட்டில கீதும்மா, வந்துடும்னு சொன்னேன். ட்யூட்டியா, அப்ப இருக்கட்டும், பேஜாரு பண்ணாதன்னு சொல்லிச்சுண்ணா.”

பதினாறாம் நாள் காரியத்துக்கு எளாவூருக்குப் பாக்கியநாதன் வந்தார். மனைவி ஏஞ்சலினையும் கூட்டிக்கொண்டு வந்தார். குணாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கினார்.

குணாவுக்கு அவரிடம் கேட்க ஒன்று இருந்தது. சண்டை போட அல்ல. அத்தனை பெரிய கோபத்துக்குப் பின்னால் அந்த மனிதருக்கு அன்றைக்கு வேறு ஏதோ பெரிய துக்கம் இருந்திருக்க வேண்டும் என்று அவன் நம்பத் தொடங்கியிருந்தான். கரண்ட், ரயில் என்று மணவாளன் சொன்னது அவனுக்குப் போதவில்லை. தன் தாயின் கடைசி நேரத்துக்கு ஈடாக வைக்கிற அளவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

“சார், அன்னிக்குக் காலையில ரொம்ப டென்ஷனா இருந்தீங்களே. ஊட்ல எதனா பிரச்சினையா சார்?”

பாக்கியநாதன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

“அன்னிக்கா? ஒண்ணுமில்லியே. நல்லாத்தானே இருந்தேன். இன்னா ஏஞ்சலின்?”

“அன்னிக்கு சாயங்காலந்தானே புள்ளைங்கள பீச்சுக்கு இட்டுகினு போனீங்க” என்றாள் ஏஞ்சலின். “சந்தோஷமாத்தான் இருந்தீங்க.”

“ஏம்பா கேக்குற?”

“சும்மாதான் சார். சாப்ட்டுட்டுத்தான் போகணும்” என்றான் குணா. அவர்களை உட்காரவைத்து, இலை போட்டுத் தானே பரிமாறினான். அப்புறம் வீட்டுக்குப் பின்னால் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அம்மாவை எடுத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. சத்தம் கேட்டு சுமலதா ஓடிவந்தாள்.

“இன்னாண்ணா, இன்னா ஆச்சு?”

“அவுருக்கு ஞாபகமே இல்ல சுமா. மறந்தே பூட்டாரு. காலைலயே கேட்டிருக்கலாம். வேல போயிருந்தா போயிருக்கும். கேட்டிருக்கலாம் சுமா.”