வீழ்ச்சியை முதலில் பதிவு செய்தவர்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பழுதான காதுக்கருவியால் வந்த வினை.

பழங்காலப் பேரரசு ஒன்றைப் பற்றிய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். எழுச்சி, இயல்பு, வீழ்ச்சி என்று மூன்று மண்டபங்கள். வாசலில் தந்த கருவியைக் காதில் மாட்டிக்கொண்டால் ஒரு குரல் விளக்கிக்கொண்டே கூட வரும் என்றார்கள். முதல் இரண்டு மண்டபங்களிலும் என் கருவி மூச்சுவிடவில்லை. கடைசி மண்டபத்தில் திடீரென்று உயிர் வந்தது. ஓர் ஆண்குரல், பேரரசு அழிந்ததை, நெடுநாள் பழகிய பக்கத்து வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்ததைச் சொல்வதுபோல் அத்தனை வாஞ்சையாகச் சொன்னது. உடைந்த தூணுக்கு முன்னால் நின்று கண் கலங்கிவிட்டேன். யார் பெற்ற பிள்ளையோ, என்ன குரல் அது.

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கற்பனை. குறை இருந்தால் என்னைத் திட்டுங்கள், அவரை விட்டுவிடுங்கள்.

2

முதல் தொடக்கம்: “பேரரசுகள் எழுகின்றன, வீழ்கின்றன. ஆனால் மனிதக் குரலோ காலத்தின்...”

(வேண்டாம். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: சின்ன ஒலிப்பதிவு அறை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கணவர், இந்தப்பக்கம் மனைவி. அவர் விளம்பரங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் குரல் கொடுப்பவர்; தொழிலில் எல்லோருக்கும் ‘குரல்காரர்’. அவள் அதைப் பதிவு செய்து, தடுமாற்றங்களை வெட்டி, ஒட்டிச் சீராக்குகிறவள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசுவார், அவள் வெட்டுவாள். வீட்டிலும் அதே கதைதான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

இது தேவலாம். இப்படியே போகட்டும்.

3

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலை வந்தாலும் நீளமான பகுதியைத்தான் முதலில் பதிவு செய்வார்கள். தொண்டை களைப்பதற்குள் பெரிய சுமையை இறக்கிவிடலாம் இல்லையா?

அருங்காட்சியகத்திலிருந்து வந்த தாள்களை அவர் கையில் எடுத்துப் பார்த்தார். “ஒரு ராஜ்ஜியம் எப்படி உருவாச்சுன்னு சொல்ல இத்தனூண்டு. எப்படிக் கெட்டுப்போச்சுன்னு சொல்ல இவ்வளவா?”

“நல்லா இருக்கறப்ப யாரு விசாரிக்கிறாங்க?” என்றாள் அவள். “வீழ்ச்சியையே முதல்ல முடிச்சிடுங்க.”

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இது நான் இட்டுக்கட்டியதல்ல. எந்தப் பேரரசும் எழுந்ததற்குக் காரணம் கேட்டால் ஓர் அரசன், ஓர் ஆறு, கொஞ்சம் அதிர்ஷ்டம் என்று முடித்துவிடுவார்கள். விழுந்ததற்கு மட்டும் ஆளுக்கொரு காரணம். பஞ்சம், கொள்ளைநோய், வாரிசுச் சண்டை, எல்லையில் புது ஆட்கள், உள்ளூர்ப் பேராசை. சாவு வீட்டிலும் இதே விசாரணைதான் நடக்கிறது.]

ஆக, வீழ்ச்சி முழுக்கக் கணீரென்ற குரலில் பதிவானது. அடுத்து இயல்பு: சாலைகள், வரிகள், வென்ற ஊர்க்காரர்களை அவர்கள் போக்கில் வாழவிட்ட பெருந்தன்மை, அடிமைகளை விற்ற கொடுமை. அதுவும் நன்றாகவே முடிந்தது. எழுச்சிக்கு வரும்போது அவர் குரல் கம்மியது. சளி என்றார். சளி இல்லை. குரல்நாணில் ஒரு கட்டி.

4

இங்கே இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பாவம், அந்த மனிதரை ஏன் இப்படிப் படுத்த வேண்டும்? சளியாகவே வைத்துப் பார்த்தேன். கஷாயம் குடித்தார், சரியாகிவிட்டது, கதையும் அதோடு படுத்துக்கொண்டது. மனசில்லாமல்தான் கட்டியைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

“கட்டியை எடுத்துடலாம், பயமில்ல,” என்றார் மருத்துவர். “குரல் வரும். ஆனா பழைய குரலே வருமான்னு இப்பச் சொல்ல முடியாது.”

அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரம், கரகரத்த குரலிலேயே எழுச்சியைப் படித்து முடித்தார்.

5

அறுவை முடிந்தது. ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்று உத்தரவு. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்; சொல்ல வேண்டியதைச் செல்போனில் தட்டிக் காட்டுவார்.

மாதிரிக்கு அனுப்பியிருந்த சில வரிகளைக் கேட்டுவிட்டு அருங்காட்சியக அதிகாரி போனில் கூப்பிட்டார். “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பேரரசு பிறக்கிற இடத்துல குரல் இழுத்துக்கிட்டுக் கிடக்கு. அதை மட்டும் வேற ஒருத்தரை வச்சுப் பேசிடலாமா?”

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார். அவர் குரல்லயே தர்றேன்.”

சொல்லிவிட்டாள். எப்படித் தருவாள்? நானும் அவளோடு யோசித்தேன். அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்: வீழ்ச்சியிலிருந்து எடுப்பது. அங்கே அவர் ‘அரசன்’ என்றிருக்கிறார், ‘ஆறு’ என்றிருக்கிறார், ‘கோட்டை’ என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றாக வெட்டி எழுச்சியாக அடுக்கினாள். (இடிந்த நகரத்துக் கல்லைப் பெயர்த்துப் புது நகரம் கட்டுவது பேரரசுகளுக்கும் பழக்கமான காரியம்தான்.) ‘தொடங்கியது’ என்ற சொல் மட்டும் வீழ்ச்சியில் எங்கு தேடியும் இல்லை. இயல்பு மண்டபத்தில், வரி வசூல் தொடங்கியது என்ற இடத்திலிருந்து எடுத்தாள்.

6

அவருக்குப் போட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக் கேட்டார். குரல் கணீரென்றிருந்தது, ஒட்டுப்போட்டதே தெரியவில்லை. கேட்டு முடித்துச் செல்போனில் தட்டினார்: “யாரு இது?”

அவளுக்குச் சுருக்கென்றது. “உங்க குரல்தாங்க. ஒவ்வொரு வார்த்தையும் உங்களுது.”

தலையை ஆட்டிவிட்டு, கரகரத்த பதிவைப் போடச் சொல்லிக் கைகாட்டினார். அதை அவள் இன்னும் வெட்டியிருக்கவில்லை.

“ஆற்றங்கரையில் ஒரு சிறு குடியிருப்பு...” இருமல். பிறகு தாளில் இல்லாத பேச்சு: “ஏம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டியா?”

“நீங்க படிங்க,” என்று அவள் குரல்.

“படிக்கிறேன். நீ அழாதே. இப்பத்தானே ஊர் கட்ட ஆரம்பிச்சிருக்காங்க.”

பிறகு அவர் படித்தார். குரல் இழுத்தது, உடைந்தது, ஆனாலும் ஒரு சின்ன ஊர் எழும்பியது. அவளிடம் சொல்வதாக நினைத்துத்தான் படித்திருக்கிறார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எதை அனுப்பட்டும்?” என்று கேட்டாள்.

அவர் தட்டினார்: “நீயே முடிவு பண்ணு. எப்பவும் நீதானே வெட்டுவே.”

7

முடிவு ஒன்று: ஒட்டுப்போட்டதை அனுப்புகிறாள். வருகிறவர்கள் எல்லோரும் அவரை நல்ல குரலோடு நினைவில் வைத்திருப்பார்கள். அதைவிட ஒரு மனைவி வேறென்ன கேட்பாள்?

முடிவு இரண்டு: இருமலையும் தாளில் இல்லாத பேச்சையும் மட்டும் வெட்டிவிட்டு, கரகரத்த குரலை அனுப்புகிறாள். அதிகாரி திருப்பியனுப்பலாம். பிறகு அந்த மண்டபத்தில் அவர் குரலே இல்லாமல் போகும்.

முடிவு மூன்று: மருத்துவர் பேசச் சொல்கிறார், அவர் வாயைத் திறக்கிறார், பழைய குரல் அப்படியே

(இதை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வரும் என்று எழுதினால் பொய்யாகிவிடுமோ என்று பயம். வராது என்று எழுத என் கை போகாது.)

8

சாயங்காலம் ஆகிவிட்டது. அதிகாரியின் அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. மருத்துவர் அவரைப் பேசச் சொல்வது நாளைக்குத்தான். இவள் அனுப்ப வேண்டியது இன்றைக்கு. எந்தக் குரல் மிஞ்சும் என்று தெரியாமலேயே அவள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் அவள் நாற்காலியில் உட்காருங்கள். திரையில் இரண்டு பதிவுகளும் இருக்கின்றன. அவர் பக்கத்திலேயே இருக்கிறார், உங்கள் தோளில் கை வைத்திருக்கிறார், எதுவும் சொல்லமாட்டார்.

பார்த்து அழுத்துங்கள்.