குருசடிச் சுவரில் ஒரு ரோஸ் பூச்சி

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் ஒளித்துவைத்ததுபோல் ஆகிவிடும். 'நான்' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். கை கூசியது. அடித்துவிட்டு 'சிந்தியா' என்று போட்டதும் பேனா ஓடியது.

சிந்தியா பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம்

(வேண்டாம். இது பூச்சியின் கதை.)

2

கடியப்பட்டணத்தில் குருசடித் திருவிழா. சிலுவை நிற்கும் அந்தச் சிறு கோயிலைச் சுற்றியுள்ள டியூப்லைட்டுகளுக்கெல்லாம் ரோஸ் நிறக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தார்கள். விடியுமுன் தண்ணீருக்குப் போன சிந்தியா குருசடிச் சுவரில் ஓர் அந்துப்பூச்சியைக் கண்டாள். முழுக்க ரோஸ், மேலே கறுப்புப் புள்ளிகள். குடத்தை இறக்கிவைத்து, அக்கா ஷிஜியின் போனில் படமெடுத்து, மாவட்ட அந்துப்பூச்சி ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். ஒரு வருடமாக அந்தக் குழுவை வாசிக்கிறாள். ஒரு வார்த்தை போட்டதில்லை.

குழு விழித்துக்கொண்டது. ஏழு பேர் ஏழு பெயர் சொன்னார்கள். ஒருவர், உலகத்துக்கே புதிது என்றார். [இங்கே அவர் பெயர் இருந்தது. பாவம் என்று எடுத்துவிட்டேன்.] குழுவை நடத்துபவர் நெய்யூரில் நர்ஸாக இருக்கும் இசபெல். அவர் எழுதினார்: "இதக் கண்ட பிள்ளைய ஞாயிற்றுக்கிழமை வேன்ல கீரிப்பாறைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

கீரிப்பாறை! நீலமும் மஞ்சளுமாய்ப் பகலிலேயே பறக்கும் அந்துகள் அங்கே உண்டு. சிந்தியா தன் நோட்டில் அவற்றைப் பதினோரு முறை வரைந்திருக்கிறாள். ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை.

3

ஏழு மணிக்கு விளக்குகளை அணைத்தார்கள். பூச்சி அங்கேயே இருந்தது. வெள்ளையாக.

ரோஸ், தாளின் நிறம்.

"ஒருத்தர்ட்டயும் மிண்டாம கெட ஏட்டி," என்றாள் ஷிஜி. "ஆருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"வெள்ளப் பூச்சிக்கு வேன் வருமா? எனக்க நிச்சயதார்த்த போட்டோவுக்கே இம்புட்டு லைக்கு விழல்ல!"

(ஷிஜியைக் கெட்டவளாக்கப் பார்த்தேன். முடியவில்லை. இதைச் சொல்லும்போதே அவள் தங்கையின் ஞாயிற்றுக்கிழமைக்காகத் தன் நல்ல சுடிதாரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.)

4

சிந்தியா பகல் வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்தாள். 'காலையில் போட்டது தப்பு. விளக்கில் ரோஸ் தாள் இருந்தது. பூச்சி வெள்ளை.' அனுப்பினாள். போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள்.

இந்த இடத்தில் முடிவுகள் எழுதிப் பார்த்தேன். வேன் வரவில்லை என்று ஒன்று. அந்த மாதிரி முடிவு என் நோட்டில் ஏற்கெனவே நிறைய. கீரிப்பாறையில் புதிய அந்து ஒன்றைச் சிந்தியா கண்டுபிடிக்க, பத்திரிகையில் படம் வர, எல்லாரும் கைதட்ட

சே.

உச்சிவேளையில் பானைக்குள் போன் அடித்தது. ஷிஜி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். இசபெல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க குரூப்புல தப்புன்னு ஒத்துக்கிட்ட முதல் ஆளு நீதான் மக்கா. பேரு சொன்ன ஏழு பேருக்கும் இப்ப வாயில மிண்டாட்டமே இல்ல! ஞாயிறு ஆறு மணிக்கு பஸ் ஸ்டாப்புல நில்லு. வருவியா?"

சிந்தியா தலையாட்டினாள்.

"வருவியான்னு கேட்டேன்."

ஷிஜி கிள்ளினாள்.

"வருவேன்."

5

ஞாயிறு காலை. வேன் நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே எல்லாம் தெரியாத முகங்கள். சிந்தியா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். மற்றக் காலை எடுத்துவைப்பதை என்னால் எழுத முடியவில்லை. நாலு தடவை முயன்று நாலையும் அடித்துவிட்டேன்.

நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள். கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள்.