வலது மேல்மூலை

தமிழ்வாணியின் முதல் வாக்கியத்திலேயே லலிதாம்பாளுக்கு ஐயம் தட்டிவிட்டது. அவள் பேசிய ஆங்கிலத்தில் பிழையில்லை. பிழை கண்களில் இருந்தது. ஒவ்வொரு கருத்தையும் தொடங்குமுன் அவை திரையின் வலது மேல்மூலைக்கு ஓடின. நல்ல வாதம் ஒன்றைச் சொன்னதும் பேச்சு நின்றது. எதற்கோ காத்திருந்து, பிறகே அடுத்த வாக்கியம் புறப்பட்டது.

யாரோ எழுதிக் காட்டுகிறார்கள். காட்டும்வரை இவள் நிற்கிறாள்.

மதுரையில் தம் வீட்டு மாடியறையிலிருந்து லலிதாம்பாள் இணையவழியில் நடத்தும் ஆங்கிலப் பேச்சு வகுப்பில், சனிக்கிழமைதோறும் விவாதம் உண்டு. எழுதிவைத்துப் படிக்கக் கூடாது. தட்டுத்தடுமாறியாவது சொந்தமாகப் பேச வேண்டும். இதற்குமுன் படித்த ஒருவன், கட்டிலுக்கடியில் அண்ணனைப் படுக்கவைத்துப் பேசச் சொல்லி, தான் வாயை மட்டும் அசைத்தான். அது தெரியாமல் ஒரு நிறுவனத்துக்கு அவனைப் பரிந்துரைத்த லலிதாம்பாளின் பெயர் அங்கே கெட்டது. அதே நிறுவனம், வீட்டிலிருந்தே வாடிக்கையாளரோடு ஆங்கிலத்தில் பேசும் வேலைக்கு மீண்டும் ஒருவரைக் கேட்டிருக்கிறது. இன்று வெல்பவரின் பெயரை லலிதாம்பாள் அங்கே அனுப்புவார். திருவாதவூரில் கைக்குழந்தையோடு இருக்கும் தமிழ்வாணிக்கு வெளியூர் வேலை எட்டாக்கனி.

தலைப்பு: கல்யாணத்துக்குப் பந்தியா, பஃபேயா? தமிழ்வாணி பந்தியின் பக்கம். எதிரணி, கொட்டாம்பட்டியில் கைப்பேசிக்கடை வைத்திருக்கும் அசோக்குமார்.

அவனும் கவனித்துவிட்டான். "மேடம், பந்தியில எல எடுக்குமுன்ன பின்னால வந்து நிப்பாய்ங்கள்ல, அந்த மாதிரி யாரோ இவங்களுக்குப் பின்னால நிக்கிறாங்க."

"நீங்க தட்டத் தூக்கிட்டு வரிசையில நில்லுங்கண்ணே, சோறு தீந்துறப்போகுது" என்றாள் தமிழ்வாணி.

லலிதாம்பாள் சிரிக்கவில்லை. எதிரணிக்காகத் திறந்து வைத்திருந்த அசோக்குமாரின் மைக்கையும் மூடினார். "இப்போ பஃபேக்காகப் பேசுங்க" என்று திடீரென அணியை மாற்றினார். தமிழ்வாணி மாறிப் பேசினாள், சரளமாகவே. ஆனால் அதே மூலை, அதே நிறுத்தம்.

"போதும். போனைத் திருப்பி அறையைக் காட்டுங்க."

திரை சுழன்றது. தூளியில் குழந்தை, தரையில் மொச்சை உரிக்கும் மாமியார் முனியாயி.

"என்னைய எதுக்குடி காட்டுற? சீலகூட மாத்தலயே!"

"நீங்கதான் எனக்கு இங்கிலீசு சொல்லித் தாரீகளாம், அத்தே."

"அம்புட்டுத் தெரிஞ்சா நான் ஏன் மொச்சைய உரிக்கேன்?"

"அப்படியானா அந்த மூலையில யாரு?" லலிதாம்பாளின் குரல் உயர்ந்தது.

தமிழ்வாணி விழித்தாள். "நீங்கதான் மேடம்."

"நானா?"

"போனைப் படுக்கவச்சா ஒங்க கட்டம் அங்கிட்டுப் போயிருது. எங்க ஊரு பட்டிமன்றத்துல நடுவரைப் பாத்துத்தான பேசுவாக? எதிரணியப் பாத்தா சண்டைக்குப் போற மாதிரி இருக்கும்ல."

"நடுவுல நிறுத்துறது?"

"கைதட்டுக்கு விட்டேன் மேடம். எல்லார் மைக்கையும் நீங்கதான் மூடி வச்சிருக்கீக."

அசோக்குமார் விழுந்து விழுந்து சிரிப்பது ஓசையின்றித் தெரிந்தது.

லலிதாம்பாள் கேமராவைப் பார்த்துப் பேசச் சொன்னார். தமிழ்வாணிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "அந்தக் கறுப்புப் புள்ளியில யாரும் இல்லையே மேடம். என்னத்தப் பேச?"

தமக்கு வந்த ஐயம் நிறுவனத்துக்கும் வராமலா போகும்? இன்னொரு முறை பெயர் கெட்டால் வகுப்பையே மூட வேண்டியதுதான். அசோக்குமாரை அனுப்பினால் வம்பில்லை. ஆனால் அவனுக்கு அணியை மாற்றியிருந்தால் திணறியிருப்பான்; அது அவருக்குத் தெரியும்.

வகுப்பை முடித்ததும் நிறுவன அதிகாரி சத்யப்ரியாவை அழைத்தார்.

"தமிழ்வாணி என்ற பெண்ணை அனுப்புகிறேன். நேர்காணலில் பேசும்போது கேமராவைப் பார்க்க மாட்டாள். உங்கள் முகம் திரையில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பார்ப்பாள். யாரோ சொல்லித் தருவதுபோல் தோன்றும், அப்படியில்லை."

"போன தடவையும் இப்படித்தான் உறுதியாச் சொன்னீங்க மேடம். இந்தத் தடவை நீங்க பொறுப்பா?"

"பொறுப்பு" என்றார் லலிதாம்பாள்.

கைப்பேசியைக் கீழே வைத்தார். தமிழ்வாணி காட்டிய அறையில் கதவுக்குப் பின்புறம் காட்டப்படவில்லையே என்று மனம் முணுமுணுத்தது. அதைக் கேட்டுக்கொண்டே தமிழ்வாணியின் பெயரை நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார்.