இரண்டாவது டிஸ்க்

செர்வா கணவனின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஒடூரோ உள்ளே வந்தான். வந்தவன் கட்டிலில் கிடத்தியிருந்த அண்ணனின் உடலைப் பார்க்கவில்லை. அவள் தோளில் தொங்கிய கைப்பையைப் பார்த்தான்.

"அண்ணி, அடக்கம் முடிஞ்சதும் நாம கொஞ்சம் பேசணும்."

"எதைப் பத்தி, தம்பி?"

"உங்களுக்குத் தெரியாததா."

பித்தளைக் கட்டிலைச் சுற்றி அவன் வீட்டுப் பெண்கள் கறுப்பும் சிவப்புமாகத் துக்க உடையில் நின்றிருந்தார்கள். அவன் அவர்களை ஒருமுறை பார்த்தான். வெளியே பந்தலில் ஒலிபெருக்கிக்காரன் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒடூரோ மேலாடையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போனான். செர்வா மறுபடியும் காலரைப் பிடித்தாள். அது முன்பே சரியாகத்தான் இருந்தது.

அவன் எதைக் கேட்கிறான் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அது அவள் பைக்குள் பழைய துணி ஒன்றில் சுற்றி இருந்தது. உள்ளங்கை அளவுதான், ஆனால் கனம்.

குமாசி நகரத்தின் சுவாமே லாரிப் பட்டறைகளில் அவள் கணவன் பாஃபுவோவைத் தெரியாத லாரிக்காரன் கிடையாது. இப்போதைய லாரிகளுக்குச் சுத்தியலும் ஸ்பேனரும் மட்டும் போதுமா? வண்டிக்குள்ளேயே ஒரு மூளை இருக்கிறது. அது மக்கர் செய்தால் வயரை மாட்டிக் கம்ப்யூட்டரில்தான் படிக்க வேண்டும். அந்தப் படிக்கிற ப்ரோக்ராம் பட்டறைப் பக்கத்திலேயே பாஃபுவோ ஒருவனிடம்தான் இருந்தது. தேமா துறைமுகத்தில் யாரோ ஒரு கப்பல்காரன் போட்டுக் கொடுத்தது. அந்த ஆள் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது, இன்னொரு பிரதிக்கு வழியில்லை. அதனால் பாஃபுவோ அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தான். கரண்ட் போய்ப் போய் வந்ததில் விண்டோஸ் ஒருமுறை அடிபட்டதும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்தான். ஒன்றில் விண்டோஸ் மட்டும். இன்னொன்றில் ப்ரோக்ராம்கள் எல்லாம்.

"விண்டோஸ் செத்தா சாவட்டும், செர்வா. புதுசு போட்டுக்கலாம். உயிரு இந்த ரெண்டாவதுலதான் இருக்கு" என்பான். அவளும் நம்பினாள். பாலைவனத்திலிருந்து வீசும் ஹார்மட்டான் காற்றில் தூசி ஏறும்போதெல்லாம் மூடியைக் கழற்றித் துடைத்தவள் அவள்தான். எது எந்த டிஸ்க் என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்வாள். அவன் பிறகு பாட்டரி வாங்கி வைத்துவிட்டான். விண்டோஸ் அப்புறம் சாகவே இல்லை. அவன் சொன்னது மெய்யா என்று பார்க்க யாருக்கும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

ஒரு லாரியின் மூக்குக்குள் தலையை விட்டபடியே பாஃபுவோ சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் ஒடூரோ எட்டிப் பார்க்கவில்லை. ஒரு குவளைக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தானா? செத்த அன்று மட்டும் முதல் ஆளாக வந்தான். பிணவறை வாசலில் நின்றுகொண்டு, உறவுக்காரர்கள் காதுபடச் சொன்னான்: "கடை எங்க அம்மா வயித்துல பொறந்தவனோடது. நம்ம வழக்கப்படி அது தாய்வழியில எங்களுக்குத்தான் வரும். நீங்க வேற வீடு, அண்ணி. அழுதுட்டு உங்க வீட்டுக்குப் போங்க."

அழுதுட்டுப் போங்க என்றான். அந்த வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவள் அழவில்லை. அவன் கடைக்குப் போடப் புதுப் பூட்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் நேராகப் பட்டறைக்குப் போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஊர் முழுவதும் பார்க்கும். மஞ்சள் பிடி போட்ட குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள், மூடியைத் திறந்து இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றினாள், மூடியை மறுபடி முடுக்கினாள். மேலே இருந்த தூசியைக்கூடக் கலைக்கவில்லை.

ஊர் வழக்கப்படி அடக்கத்துக்கு நாள் குறித்து உடல் பிணவறையில் காத்திருந்த வாரங்களில் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த சேதிகள் வந்தன. ஒடூரோ கல்லாவில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறானாம். கம்ப்யூட்டர் அழகாகக் கண் விழிக்கிறதாம். திரையில் எல்லாப் படங்களும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவாம். எதைத் தொட்டாலும் காணவில்லை, காணவில்லை என்கிறதாம். கரண்டைத் திட்டினானாம், வயரை மாற்றினானாம், கடைசியில் கம்ப்யூட்டருக்கு ஜெபம் செய்ய ஒரு பாஸ்டரைக்கூடக் கூட்டிவந்தானாம். லாரிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு சேதிக்கும் செர்வா ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். போன வாரம்தான் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவன் மூடியைத் திறந்து, உள்ளே ஓர் இடம் காலியாக இருப்பதையும் வயர் சும்மா தொங்குவதையும் ஒடூரோவுக்குக் காட்டினான்.

அவள் திட்டம் தெளிவாக இருந்தது. காரியங்கள் முடிந்ததும் பாஃபுவோவோடு வேலை பார்த்த டோன்கோரைச் சேர்த்துக்கொண்டு, ஒடூரோவின் கடைக்கு எதிரிலேயே கடை போடுவாள். அவன் தினமும் அதைப் பார்த்துப் பார்த்துச் சாக வேண்டும்.

அந்தத் திட்டத்தில்தான் இன்று காலை மண் விழுந்தது. டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க வாங்கிப்போன டோன்கோர், சமையல்கட்டுப் பக்கமாக வந்து அதைத் திருப்பிக் கொடுத்தான்.

"எல்லாம் உள்ள இருக்குக்கா. ஆனா ஒண்ணும் திறக்கல. அண்ணன் ப்ரோக்ராமை இதுல வச்சாரு. அதுக்கான அனுமதி கடையில இருக்கற அந்த விண்டோஸ்லயே பதிஞ்சு கெடக்கு. அது இல்லாம இது நம்மள யாருன்னு கேக்குது."

"புது விண்டோஸ் போட்டா?"

"அதையும் போட்டுப் பாத்துட்டேன்."

செர்வா அடுப்பருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உயிர் இதில்தான் இருக்கிறது என்றானே, பாவி. செத்தவன்மேல் அந்த நிமிஷம் அவளுக்கு வந்த கோபத்தை எதில் கொட்டுவது! எதிர்க்கடையும் போயிற்று, பிழைப்பும் போயிற்று.

"ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் ஓடும்க்கா. அவன்கிட்ட சமாதானமாப் பேசுங்க. வர்ற வருமானத்துல பாதி தருவான்."

"தருவானா?"

டோன்கோர் காலால் கரியை ஒதுக்கினான்.

இருந்தாலும் அவள் யோசித்தாள். வெறும் ரோஷத்தை வைத்து உலை வைக்க முடியாது. ஒடூரோ ஒரு நல்ல வார்த்தை சொன்னால், அண்ணனின் பெயரை ஒருமுறை மரியாதையாகச் சொன்னால், கொடுத்துவிடுவது என்றுதான் பையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றாள்.

ஜனங்கள் வரிசையாக வந்து பார்த்துப் போனபின், ஒடூரோ மறுபடி வந்து அவள் காதருகே குனிந்தான்.

"அது உங்ககிட்ட இருக்கறது எனக்குத் தெரியும். போலீஸுக்குப் போகலாம். போகல, ஏன்னா நான் நல்லவன். குடுத்துடுங்க. கடையில ஒரு வேலை போட்டுத் தரேன். கூட்டிப் பெருக்கவும் ஆளு வேணுமில்ல?"

செர்வா கணவனின் முகத்தைப் பார்த்தாள். பவுடர் பூசிய அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"குடுத்துடறேன், தம்பி. யாருக்குப் போகணுமோ அவங்க கைக்கு இன்னைக்கே போயிடும்."

அவன் முகம் மலர்ந்தது. "இப்பதான் குடும்பத்துப் பொம்பள மாதிரி பேசறீங்க" என்றான்.

அவள் கொல்லைப்பக்கம் போய், வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

சவப்பெட்டியில் உடலை இறக்கியதும், மனைவி கொடுக்கும் பொருள்களைப் பாஃபுவோவின் பெரியத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிச் சொன்னாள். இது துணி, செர்வா கொடுத்தது. இது பாய், செர்வா கொடுத்தது. இது வாசனைத் தைலம். கடைசியாக முடிச்சுப் போட்ட வெள்ளைக் கைக்குட்டை. மறுஉலகம் போகிற வழிக்கு வேண்டியதை மனைவி முடிந்து கொடுப்பது வழக்கம். அதை அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. கிழவி அதைக் கையில் வாங்கியதும் எடை பார்ப்பது போல ஒரு கணம் நிறுத்தினாள். செர்வாவின் முகத்தை ஏறிட்டாள். பிறகு, "இது வழிக்கு. செர்வா கொடுத்தது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, தலையணைக்கு அடியில் தானே செருகினாள்.

மூடி போட்டார்கள். மூலையில் ஒரு திருகாணி மட்டும் இறங்க மறுத்தது. தச்சனிடம் இருந்தது பெரிய ஸ்க்ரூடிரைவர், திருகாணியின் பள்ளத்துக்குள் உட்காரவில்லை. நாலு பேர் பார்க்கும் இடத்தில் ஒடூரோவால் சும்மா நிற்க முடியுமா? சின்னது யாரிடமாவது இருக்கிறதா என்று அதட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

செர்வா கைப்பையைத் திறந்தாள். அவன் கண் அதற்குள் பாய்ந்தது. அவள் மஞ்சள் பிடி போட்டதை எடுத்து நீட்டினாள்.

"அண்ணனோடதா?"

"ஆமா, தம்பி."

ஒடூரோ மண்டியிட்டு உட்கார்ந்து முடுக்கினான். பல்லைக் கடித்து, இன்னொரு சுற்றும் முடுக்கினான். மூடி அசைகிறதா என்று உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான். அசையவில்லை. திருப்திப்பட்டு எழுந்து ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுத்தான்.

"முடிஞ்சதும் வாங்கிக்கறேன், அண்ணி" என்றான் மெல்ல.

"சரி, தம்பி."

ஆட்கள் பெட்டியைத் தூக்கினார்கள். செர்வா பையின் ஜிப்பை இழுத்து மூடித் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். பை லேசாக இருந்தது. பக்கத்தில் நடந்துவந்த ஒடூரோ, கல்லறை வரைக்கும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.