காலியாக விட்ட கட்டம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்ப்யூட்டர் நிரலில் விட்டுப்போன ஒரே ஒரு கமாவைத் தேடி ஒரு பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது. கிண்டலாக ஆரம்பித்து, போகப்போக மரியாதையாகிவிட்டது. "கமா பார்த்துட்டாங்களா? அப்ப சரி" என்பார்கள்.

அவள் எழுதிய நிரல்களில் ஒன்று ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் இருபத்தாறு பஸ்களில் ஓடியது. ஒவ்வொரு பஸ்ஸிலும் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண் இருப்பார்; பிள்ளைகளுக்கு அவர் 'பஸ் அக்கா'. அவர் கையிலுள்ள போனில் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வரும். ஒரு பிள்ளை ஏறினால் பெயருக்கு எதிரே ஒரு கட்டத்தைத் தொட வேண்டும், இறங்கினால் அடுத்த கட்டத்தை. ஏறிய பிள்ளை ஒன்று இறங்காமல் இருக்கும்போது 'பயணம் முடிந்தது' என்று அழுத்திவிட்டால் போன் கத்திக் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டிவிடும். பதினாலாம் நம்பர் பஸ்ஸின் அக்கா, கமாவின் நாத்தனார். கமாவே சொல்லி வாங்கித் தந்த வேலை.

இந்த நிரலை அவள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எழுதவில்லை. தூணும் கூரையும் தயாராக வாங்கி வைத்துக்கொண்டு சுவரை மட்டும் நாமே எழுப்புகிற மாதிரி, ஒரு ஃப்ரேம்வொர்க்கின் மேல் எழுதியிருந்தாள். அவள் எழுதியபோது அதன் இரண்டாம் பதிப்பு வந்திருந்தது. இப்போது ஐந்தாம் பதிப்பு. இரண்டாம் பதிப்பில் இனி ஓட்டை தெரிந்தாலும் அடைக்க மாட்டோம் என்று அதை உருவாக்கியவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"ஒவ்வொரு படியா ஏறிக்கிட்டு இருக்க நேரமில்ல. நேரா அஞ்சுக்குத் தாவிடுங்க. ஏதாவது வந்தா பார்த்துக்கலாம்" என்றார் மேனேஜர். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது அதுதான். அதனால் அவர் இல்லாதபோது அவருக்குப் பெயரே 'பார்த்துக்கலாம்'.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கமா அந்த வேலையைச் செய்தாள். ஒவ்வொரு பதிப்போடும் என்ன மாறியது என்று ஒரு நீண்ட குறிப்பு வரும். ஐந்தாம் பதிப்பின் குறிப்பைப் படித்தாள். மூன்றையும் நான்கையும் படிக்கவில்லை. சோதனைகள் எல்லாம் பச்சை விளக்கு காட்டின. வீட்டில் மூட்டை மூட்டையாகத் துணி துவைக்கக் கிடந்தது. திங்கட்கிழமை இருபத்தாறு பஸ்களும் புதுப் பதிப்பில் ஓடின. ஒரு புகார்கூட இல்லை. அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் இன்னொரு வேலை கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்காரர்களிடம் காட்ட வேண்டுமாம்: இரண்டாம் பதிப்பிலிருந்து ஐந்து வரை ஒவ்வொன்றிலும் என்னென்ன புது வசதி வந்தது, ஒரு பக்கத்துக்குள். கமா காபியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, விட்டுப்போன குறிப்புகளை முதல்முறையாகத் திறந்தாள். அப்போது மணி பத்து.

மூன்றாம் பதிப்பு: சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். எழுதிக்கொண்டாள். நான்காம் பதிப்பு: பயனாளரின் சிரமத்தைக் குறைக்க, காலியாக விட்ட கட்டத்தை, அதே நபருக்குக் கடைசியாகக் கொடுத்த பதிலைக்கொண்டு தானே நிரப்பிக்கொள்ளும், வேண்டுமென்றால் மட்டும் இந்த வசதியைப் போட்டுக்கொள்ளலாம்.

அதையும் எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் கை நின்றது.

ஐந்தாம் பதிப்பின் குறிப்பில் ஒரு வரி இருந்தது. சனிக்கிழமை அவள் படித்த வரி. 'நினைவு நிரப்பல் இனி எல்லாப் படிவங்களிலும் இயல்பாகவே இயங்கும்.' பெயர், முகவரி மாதிரி திரும்பத் திரும்பத் தட்டுகிற சங்கதியாக்கும் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள்.

அவளுடைய நிரலில், தொடாமல் விட்ட கட்டத்துக்கு ஒரே ஒரு பொருள்தான். பிள்ளை இன்னும் இறங்கவில்லை. இரண்டாம் பதிப்பில் காலி என்றால் காலிதான். ஐந்தாம் பதிப்பிலோ, இன்றைக்குக் காலியாக இருந்தால் நேற்றைய பதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நேற்று எல்லாப் பிள்ளைகளும் இறங்கினார்கள். ஆக, இன்று யாரைத் தொட்டாலும் தொடாவிட்டாலும், பஸ்ஸுக்கே வராவிட்டாலும்கூட, எல்லோரும் ஏறி இறங்கியவர்கள்தான். போன் கத்தவே கத்தாது.

'ஒன்னும் ஆகியிருக்காது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

பஸ் பதிவையும், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வகுப்பு வருகைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இன்று பஸ்ஸிலிருந்து இறங்கியதாகப் பதிவாகி, வகுப்புக்கு மட்டும் வராத பிள்ளைகள் எத்தனை பேர்? திரையில் பதினொரு பெயர்கள் வந்து நின்றன.

"என்னங்க, பேயைப் பாத்த மாதிரி இருக்கீங்க?" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"இந்த லிஸ்ட்ல முதல் அஞ்சு பேர் வீட்டுக்கு நீங்க போன் போடுங்க. பிள்ளை வீட்டுல இருக்கான்னு கேளுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க. மீதி ஆறு நான் போடுறேன். இப்பவே."

அவர் காரணம் கேட்கவில்லை. அவள் முகமே போதுமாயிருந்தது.

காய்ச்சல், வீட்டில்தான் இருக்கிறான். சொந்தக்காரர் கல்யாணம், ஊருக்குப் போயிருக்கிறோம். பல் பிடுங்கியிருக்கிறது. அம்மை போட்டிருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிட்டோமே. ஒவ்வொரு பதிலுக்கும் கமாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பக்கத்து மேஜைக்காரர் ஐந்தாவது பெயரையும் அடித்துவிட்டு கட்டைவிரலை உயர்த்தினார். அவள் பக்கம் ஒன்றே ஒன்று மிச்சம். பதினாலாம் நம்பர் பஸ். ஐந்து வயதுப் பெண் குழந்தை.

மூன்றாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"அம்மா, ஸ்கூல் பஸ் ஆபீஸ்லேர்ந்து பேசுறேன். பாப்பா இன்னிக்கு வீட்டுலதானே?"

"இல்லையே. நான்தானே கைபிடிச்சு பஸ்ல ஏத்திவிட்டேன். கொஞ்சம் சோர்வா இருந்தா, பரவால்லன்னு அனுப்பினேன். ஏன்? ஏன் கேக்குறீங்க?"

கமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஹலோ? என்னாச்சு? சொல்லுங்க!"

"பஸ் ஷெட்டுக்கு வந்துடுங்கம்மா. நானும் அங்கதான் வர்றேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. மறுமுனையில் ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது.

மணி பத்தரை. பயணம் முடிந்தது எட்டு நாற்பதுக்கு. அதற்குப் பிறகு பஸ்களை ஷெட்டில் கொண்டுபோய்ப் பூட்டிவிடுவார்கள். ஜன்னல் எல்லாம் அடைத்து.

படியில் ஓடிக்கொண்டே பக்கத்து மேஜைக்காரரிடம் கத்தினாள். "ஆம்புலன்ஸை ஷெட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க! எல்லா பஸ் அக்காவுக்கும் சொல்லுங்க, போனை நம்பாதீங்கன்னு!" தெருவில் வந்த முதல் வாடகைக் காரைக் கிட்டத்தட்ட மறித்தே ஏறினாள். பதினாலாம் பஸ் டிரைவரின் எண்ணுக்கு அடித்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. நாத்தனாருக்கு அடித்தாள்.

"அண்ணி! என்ன இந்த நேரத்துல, ஆச்சரியமா இருக்கு?"

"உன் பஸ்ல அந்தச் சின்னப் பொண்ணு, அஞ்சு வயசு, இன்னிக்கு ஏறினாளா?"

"ஏறினாளே. உடம்பு சுடுதுன்னு கடைசி சீட்டுல படுக்க வச்சேன்."

"இறங்கினாளா?"

கார் ஒரு வளைவில் திரும்பியது.

"அண்ணி, போன் கத்தலையே. எல்லாருக்கும் பச்சை காட்டுச்சே. காட்டுச்சு, அதான் நான்..." குரல் உடைந்தது. "முன்னெல்லாம் கடைசி வரைக்கும் நடந்து பாப்பேன். போன் வந்ததுலேர்ந்து... அண்ணி, ஐயோ அண்ணி!"

"நீ ஷெட்டுக்குப் பக்கத்துலதானே இருக்க? ஓடு!"

காரில் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் கமா சாமியைக் கும்பிடவில்லை. எந்தச் சாமியின் பெயரும் வாயில் வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. கார்க் கதவின் தகரத்தில் முழங்கை பட்டதும் சுட்டது. அந்தச் சூட்டை மனதுக்குள் பெருக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். கணக்கை நிறுத்த நினைத்தாலும் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம், மூடிய பஸ், ஐந்து வயது, ஏற்கெனவே காய்ச்சல்.

ஷெட் என்றால் பாதி இடத்துக்குத்தான் கூரை. ஒரே நிறத்தில் இருபத்தாறு பஸ்கள், பக்கவாட்டு எண்கள் தெரியாதபடி நெருக்கி நின்றன. காவல்காரர் சாவிப் பலகையின் முன்னால் தடுமாறிக்கொண்டிருந்தார். பதினாலுக்கான ஆணியில் சாவி இல்லை. டிரைவர் சாவியோடு வீட்டுக்குப் போயிருந்தார். நாத்தனார் அதற்குள் பதினாலாம் பஸ்ஸைக் கண்டுபிடித்துவிட்டாள். செருப்பில்லாமல், முழங்கை ரத்தம் வழிய, கதவைக் கையால் அறைந்துகொண்டிருந்தாள். அந்த பஸ்ஸின் முன்பாதி கூரைக்கு அடியிலும் பின்பாதி வெயிலிலும் நின்றது. கடைசி சீட் வெயிலில்.

காவல்காரர் ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டுவந்தார். கதவு இரண்டாவது நெம்பலில் பிளந்தது. உள்ளேயிருந்து அடித்த காற்று அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அறைந்தது.

கமா கடைசி சீட்டுக்கு ஓடினாள்; அங்கே யாரும் இல்லை. ஒரு பை மட்டும் கிடந்தது.

"பாப்பா!" என்று கமா கூப்பிட்டாள். அந்த நொடியில்தான் நிஜமான பயம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. இவ்வளவு நேரமும் பயந்ததெல்லாம் அதற்கு ஒத்திகை. குனிந்தாள். ஒவ்வொரு சீட்டுக்கும் அடியில் பார்த்துக்கொண்டே முன்னால் தவழ்ந்தாள்.

குழந்தை டிரைவர் சீட்டுக்குப் பின்னால், நிழல் விழுந்த இடத்தில், தரையில் சுருண்டு கிடந்தது. வெளிச்சம் இல்லாத பக்கமாக அதுவே நகர்ந்து வந்திருக்க வேண்டும். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. முகம் செக்கச்செவேலென்று, உதடு வெடித்து. நாத்தனார் கமாவைத் தள்ளிக்கொண்டு வந்து குழந்தையை வாரினாள்.

"மூச்சு இருக்கு அண்ணி. இருக்கு, இருக்கு."

குழாயடியில் வைத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். கழுத்தில், அக்குளில், பாதத்தில். குழந்தை முனகியது. ஆம்புலன்ஸும் அம்மாவும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. குழந்தையோடு ஏறிக்கொண்டாள்; கதவு மூடியது.

குழந்தை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. முதல் நாள் மாலை வரை டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. கமாவும் நாத்தனாரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். கண் திறந்து அம்மாவிடம் தண்ணீர் கேட்டது என்று நர்ஸ் வந்து சொன்னபோது நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கமாவுக்கு அழுகை வரவில்லை.

அந்த வராந்தாவுக்கே மேனேஜரின் போன் வந்தது.

"பதிவு எதையும் தொடாதீங்க. பஸ் அக்கா எட்டு நாற்பதுக்கு 'இறங்கியாச்சு'ன்னு அழுத்தினதாத்தான் அதுல இருக்கு. நாளைக்கு விசாரணைக்கு அது போதும். நாம வாயைத் திறக்க வேண்டியதில்ல."

"அவ அழுத்தல சார். நான் போட்ட பதிப்பு அழுத்துச்சு."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. கமா போனை வைத்தாள். வேலை போய்விடுமோ, போலீஸ் வருமோ, வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொன்றாக வந்து நின்றது. பயந்துகொண்டேதான் எழுதினாள். எந்தப் பதிப்பில் எந்த வரி மாறியது, அவள் எதைப் படித்தாள், எதைப் படிக்கவில்லை, அந்தப் பதினொரு பெயர்களில் பத்துப் பேர் அன்று பஸ்ஸில் ஏறவே இல்லை என்பதற்கு என்ன ஆதாரம். இரண்டு பக்கம். மறுநாள் காலை விசாரணைக் குழுவின் கையில் நேராகக் கொடுத்தாள்.

அந்த இரண்டு பக்கத்தால் நாத்தனார் மீது வழக்கு வரவில்லை. ஆனால் வேலை போயிற்று. கடைசி சீட் வரை நடந்து பார்த்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்று உண்மையைச் சொன்னாள். டிரைவரையும் நிறுத்திவிட்டார்கள். கமாவைப் பஸ் வேலையிலிருந்து எடுத்து, யாருக்கும் பாதகமில்லாத ஒரு நூலகப் பட்டியலில் போட்டார்கள். கமா என்று கூப்பிடுவதையும் மெல்ல விட்டுவிட்டார்கள். வீட்டில் மாமியார் இரண்டு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாத்தனார்தான் முதலில் பேசினாள்.

ஃப்ரேம்வொர்க்கை உருவாக்கியவர்களுக்கும் கமா நடந்ததை எல்லாம் எழுதினாள். பதில் எட்டாம் நாள் வந்தது. வருந்துகிறோம், ஆனால் அந்த மாற்றம் ஐந்தாம் பதிப்பின் குறிப்பில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது, இது பிழையல்ல, வசதி.

அதன்பிறகு அவளுக்குத் தூக்கம் கெட்டது. இதே பதிப்பின் மேல் எத்தனை நிரல்கள் நிற்கின்றன என்று அவர்களுடைய இணையதளத்திலேயே ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். ஆறு இலக்கம். எதில் மருந்து கொடுத்தாயிற்றா என்று ஒரு கட்டம் இருக்கும், எதில் எரிவாயுவை மூடியாயிற்றா என்று இருக்கும். எங்கோ யாரோ அதைத் தொடாமல் விட்டிருப்பார்கள். ஃப்ரேம்வொர்க்கை உருவாக்கியவர்களின் பொதுப் பலகையில், வேறு நிரலாளர்கள் படிக்கிற இடத்தில், நடந்ததைத் தேதியோடு எழுதிப் போட்டாள். சிலர் திட்டினார்கள். குறிப்பைப் படிக்காதவள் என்றார்கள், அது உண்மைதான். ஆனால் நாற்பது பேருக்கு மேல், எங்கள் நிரலிலும் இப்படியே இருந்தது, இப்போதுதான் பார்த்தோம் என்று எழுதினார்கள்.

ஏழு மாதம் கழித்து ஆறாம் பதிப்பு வந்தது. கமா குறிப்பை முதல் வரியிலிருந்து படித்தாள், விரலை வைத்து. முப்பத்தொன்றாவது வரியில் இருந்தது: 'நினைவு நிரப்பல் இனி கேட்டால் மட்டுமே இயங்கும்.' காரணம் எதுவும் போட்டிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் செய்து சொன்னாள். அவள் இப்போது ஒரு துணிக்கடையில் மடிப்பு வேலை பார்க்கிறாள்.

"மாத்திட்டாங்களா? நல்லது அண்ணி" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "மத்த வரியெல்லாம் படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"படிச்சிட்டே இருக்கேன்" என்றாள் கமா. இன்னும் நூற்றிருபது வரி பாக்கியிருந்தது.