இடப்பக்கக் கட்டு

1958இல் பாம்பன் துறையின் சரித்திரத்தை எழுதக் கிளம்பினேன். சரித்திர வாத்தியார் என்கிற திமிர்தான், வேறென்ன. ராமநாதபுரத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் பத்து வருஷத்துக்கு முந்தைய கண்ணாடித் தகட்டிலிருந்து ஒரு படத்தை இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தார். நாலு பேர் வள்ளத்தைக் கரையேற்றுகிறார்கள். பக்கத்தில் சட்டை போட்ட ஒருவர் நின்று வேடிக்கை பார்க்கிறார். இவர்கள் யார் என்று கரையோரமெல்லாம் காட்டி விசாரித்தேன்.

அதில்தான் வினை வந்தது. மூன்றாவது ஆள், கடலில் போய்த் திரும்பாத தன் புருஷன் என்றார் பாம்பன் மிக்கேலம்மாள். பெரியபட்டினத்து சாலிஹா அதே ஆளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எந்தம்பி சுஐபு மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார். சுஐபும் கடலோடு போனவன்தான். இருவரிடமும் வேறு படம் கிடையாது. அந்த முகமோ பாதி திரும்பி, கலங்கலாக இருந்தது. எனக்குத் தலை சுற்றியது.

பிறகுதான் கைலிக் கட்டைக் கவனித்தேன். நாலு பேருக்கும் முனை இடப்பக்கம். எங்கள் கரையில் முஸ்லிம்கள் இடப்பக்கம் கட்டுவார்கள், கிறிஸ்தவர்கள் நாங்கள் வலப்பக்கம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

"என் புருசன எனக்குத் தெரியாதா, வேதநாயகம் சார்?" என்றார் மிக்கேலம்மாள்.

"படம் பொய் சொல்லாதும்மா" என்றேன். வேதக்காரனாக இருந்தும் எங்கள் பங்குப் பெண்ணுக்கே இல்லையென்று சொல்லிவிட்டேனே என்று எனக்கு என் மேல் பெருமை வேறு. ஒரு பிரதியை சாலிஹாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து, என்னிடமிருந்த பிரதிக்குக் குறிப்பு எழுதி முடித்துப் பேனாவைச் சட்டைப் பையில் செருகினேன். என் பை இடப்பக்கம். படத்தில் வேடிக்கை பார்ப்பவருக்கு வலப்பக்கம். எந்தத் தையற்காரன் வலப்பக்கம் பை வைப்பான்? படத்தைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தேன். பை சரியான இடத்துக்கு வந்தது. நாலு கைலிக் கட்டும் வலப்பக்கம் போய்விட்டது. ஸ்டுடியோக்காரர் தகட்டைத் திருப்பிப் போட்டு அச்செடுத்திருக்கிறார். மிக்கேலம்மாள் சொன்னதே நிஜம்.

பெரியபட்டினத்துக்குப் போய் சாலிஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். உள்ளே போய், துணியில் சுற்றியிருந்த படத்தை எடுத்து வந்தார்.

"எந்தம்பி நெத்தி இம்புட்டு அகலமில்லன்னு அன்னைக்கே மனசுல பட்டுச்சு, வாத்தியாரய்யா. படிச்சவுக சொல்றீக, நமக்குத்தான் மறந்துபோச்சுன்னு நெனச்சேன். தெனமும் சுபுஹு தொழுதுட்டு இந்த மொகத்தப் பாத்துப் பாத்துப் பழகிக்கிட்டேன்."

படத்தை என் கையில் வைத்தார்.

"அந்தம்மாகிட்டக் குடுத்துருங்க. இப்பக் கண்ண மூடுனா அவுக வீட்டுக்காரர் மொகந்தான் வருது. எந்தம்பி மொகம் வரமாட்டேங்குது. அத எங்கன போயித் தேடுவேன்?"