சாமைக்காட்டு சிம்பொனி

ஸோயா லபுகினா எழுதுன மியூசிக் எதுவும் வாசிக்கிற எடத்துல கேக்காது, ஜவ்வாது மலையில சாந்தம்மாளோட சாமைக்காட்டு மேலதான் கேக்கும். அந்தம்மா பொறந்தது ரஷ்யாவுல, வோல்கா ஆத்தோரம் சரத்தோவ்னு ஒரு ஊரு. மாஸ்கோவுல படிச்சிட்டு பெர்லின்ல செட்டிலாச்சு. மொதோ சிம்பொனி வாசிக்க சொல்லோ வயலின் வில்லு எல்லாம் போவுது வருது, மேளக்காரரு கைய ஓங்கி ஓங்கி அடிக்கிறாரு, சத்தமே இல்ல. முடிஞ்சதும் மொத்த ஹாலும் எழுந்து நின்னு கை தட்டுச்சு. மௌனத்தையே இசையாக்கிடுச்சுன்னு பேப்பர்ல எழுதி அவார்டு குடுத்தாங்க. இருவது வருஷமா இதே கததான். அலமாரி அவார்டால ரொம்பிடுச்சு, ஆனா தான் எழுதுனத ஒரு தபா காதால கேக்கணும்ங்கற ஆச அப்டியே நின்னுடுச்சு.

இங்க மலையில அந்தக் கவல இல்ல. அங்க கச்சேரி சீசன் தொடங்குறதும் இங்க சாமை கதிர் வைக்கிறதும் ஒரே நேரம். சாயங்காலமானா வானத்துலேருந்து வயலினும் ட்ரம்பெட்டும் எறங்கும், காட்டுப்பன்னிங்க வால தூக்கிக்கினு ஓடும். யாரு இன்னான்னு ஒருத்தரும் கேக்கல. மழ வருது, வெயிலு வருது, இதுவும் வருது, அவ்ளோதான். முறை வெச்சு காவலுக்குப் போறதையே வுட்டுட்டாங்க. காட்டுக்கு நடுவுல இருந்த காவல் பரணையும் பிரிச்சு அடுப்புல வெச்சிட்டாங்க.

போன வருஷம் ஸோயா வெறுத்துப்போயி, இனிமே என் மியூசிக்க யாரும் வாசிக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. மலையில சத்தமும் இல்ல, பரணும் இல்ல. பன்னிங்க குடும்பத்தோட வந்து பாதி சாமைய தின்னுட்டுப் போச்சு. சாந்தம்மாளோட தம்பி நவீன்குமார் ஜீப்பு ஓட்டுறவன். முன்னாடி பன்னி ஓடுனப்ப எடுத்த வீடியோவ நெட்டுல போட்டு, "இந்த மியூசிக் யாருதுங்க? சீக்கிரம் ஆரம்பிங்க, பன்னி உசுர வாங்குது"ன்னு எழுதுனான்.

அது சுத்திக்கினு பெர்லினுக்குப் போச்சு. அங்க வீடியோவுலயும் சத்தம் கேக்கல. ஆனா பன்னிங்க காலு எடுத்து வெக்கிற தாளத்த பாத்ததுமே ஸோயா எழுந்து நின்னுடுச்சு. அது தன்னோட ரெண்டாவது சிம்பொனியோட கடேசிப் பகுதி.

ஞாயித்துக்கெழம மதியம் அத வாசிங்கன்னு அங்க சொல்லிட்டு கெளம்பி வந்து, திருப்பத்தூர்ல நவீன்குமார் ஜீப்ல ஏறுச்சு. சாயங்காலம் காட்டோரப் பாறையில சாந்தம்மாள் பக்கத்துல ஒக்காந்து, நான் இங்க வந்ததால சத்தம் வேற எங்கயாச்சும் போய்டுமோன்னு போன்ல மொழிபெயர்த்துக் கேட்டுச்சு.

"அதுக்கு இன்னா ஒன்கூட கோவமா? சும்மா ஒக்காரும்மா, வரும்."

வந்துச்சு. ஸோயா அழுதுச்சு, சிரிச்சுச்சு. நடுவுல மெதுவான பகுதி வர சொல்லோ சாந்தம்மாள் இடிச்சு, "பாரு, இந்த எடத்துலதான் பன்னி திரும்பி வருது. கொஞ்சம் மேளம் போடக் கூடாதா?"ன்னாங்க.

"போடணும்னுதான் நெனச்சேன். சத்தம் ஜாஸ்தியாய்டுமோன்னு பயந்துட்டேன்."

"யாருக்கு?"

ஸோயா அங்கயே ஒரு வூடு எடுத்து தங்கிடுச்சு. இந்த வருஷம் எழுதுன புது சிம்பொனியில மொதல்லேருந்து கடேசி வரைக்கும் மேளந்தான். பெர்லின்ல எல்லாரும் எழுந்து நின்னாங்க, இவ்ளோ ஆழமான மௌனத்த கேட்டதே இல்லன்னு பேப்பர்ல எழுதுனாங்க. மலையில சாமை முழுசா வூடு வந்து சேந்துச்சு. பரண இன்னும் யாரும் கட்டல.